கொடுத்தாலும் போட மாட்டார்களாம்!

அந்தமானில் மழைக்கால வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல பூட்ஸ் வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் ஒரு சிரிப்பு வரும். இது என்ன காஷ்மீரா, லடாக்கா? அடுத்து, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து பழக்கத்தைப் பற்றி ஒரு பாடம் வரும். வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் காடு மேடெல்லாம் நடந்து உரமேறிய கால்கள், அவற்றைப் போய் எதற்குக் கட்டிப்போட வேண்டும்? இரண்டுக்கும் பதில் சொல்லி முடித்தால் கடைசி அம்பு வெளியே வரும்: "கொடுத்தாலும் போட மாட்டாங்க சார். போன தடவை வாங்கினது ஸ்டோர்லயே கிடக்குது."

முதல் இரண்டும் அறியாமை. போகட்டும் என்று விடலாம். மூன்றாவதை அப்படி விட முடியாது. அதற்குச் சாட்சி இருக்கிறது. பூட்ஸ் உண்மையிலேயே ஸ்டோரில் கிடக்கிறது. தூசி படிந்து, ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கட்டியபடி, பாதி எலி கடித்துக் கிடக்கிறது. அதைக் காட்டித்தான் தொழிலாளியின் அலட்சியம், அவன் படிப்பறிவு, அவன் ஊர் வழக்கம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தக் குவியல் யாருக்கு எதிரான சாட்சி என்பதைத்தான் நான் இங்கே கேட்க வருகிறேன்.

குளிரிலிருந்தே தொடங்குவோம். அந்தமானில் குளிர்காலம் கிடையாது என்பது உண்மை. வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். குளிர்நாட்டுத் தொழிலாளி பூட்ஸ் வாங்கும்போது இரண்டு குணங்களைத் தேடுவான்: கால் சூடாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது. இதில் முதலாவது நமக்குத் தேவையில்லை என்றவுடன், கூடவே இரண்டாவதையும் தூக்கிக் கடலில் போட்டுவிட்டோம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால், அது ஓய்ந்து வடகிழக்குப் பருவமழையும் முடிய டிசம்பர் ஆகிவிடும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை. வருஷத்தில் எட்டு மாதம் ஈரத்தில் நிற்கிற கால்களுக்கு வெப்பமானியைக் காட்டி ஆறுதல் சொல்வது என்ன நியாயம்?

அந்த ஈரம் வெறும் ஈரமும் கிடையாது. எலி, பன்றி, மாடு ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி வயல் நீரிலும் சகதியிலும் வாய்க்காலிலும் உயிரோடு இருக்கும். காலில் ஒரு கீறல், ஒரு கொப்புளம், விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண் போதும், உள்ளே நுழைந்துவிடும். மணிக்கணக்கில் ஊறித் தோல் வெளுத்துப் போயிருந்தால் வழி இன்னும் எளிது. ஊரில் இதற்கு எலிக்காய்ச்சல் என்று பெயர். காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. பலருக்கு அதோடு தீர்ந்துவிடும். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு. அந்தமானில் இதன் கொடிய முகம் நுரையீரலில் தெரிந்தது. 1980-களின் இறுதியிலிருந்து, மழை ஓயும் பருவத்தில் காய்ச்சலோடு வருகிறவர்கள் இருமலில் இரத்தம் கக்கினார்கள். என்னவென்று தெரியாமல் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். 1993-ல் வடக்கு அந்தமானின் திக்லிபூர் பக்கம் பரவியபோதுதான், போர்ட் பிளேரில் இருந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையத்தார் இது எலிக்காய்ச்சலே என்று நிறுவினார்கள்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. 1931-லேயே டெய்லர், கோய்ல் என்ற இருவர் அந்தமானின் எலிக்காய்ச்சலைப் பற்றித் தனி ஆய்வு நூல் வெளியிட்டிருந்தார்கள். தீவு அப்போது தண்டனைக் கைதிகளின் குடியேற்றம். காடு வெட்டியதும் சதுப்பைத் தூர்த்ததும் கைதிகள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே நோய், அதே மண், அதே மாதிரி வேலை செய்கிறவர்கள். நூலகத்தில் இருந்த உண்மை காலுக்கு வந்து சேரவில்லை.

"அதற்குத்தான் மாத்திரை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. வடக்கு அந்தமானிலேயே 782 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. மாத்திரை போட்டவர்களில் நோயாக வெளிப்பட்டது பாதிக்கும் கீழே குறைந்தது. நல்ல பலன், மறுக்கவில்லை. ஆனால் கிருமி உடம்பில் நுழைவது குறையவே இல்லை. மாத்திரை உள்ளே வந்த திருடனைக் கட்டிப்போடும், கதவைச் சாத்தாது. பன்னிரண்டு வாரம் மருந்து கொடுக்கலாம். எட்டு மாத மழைக்கு, ஆண்டுதோறும், ஆயிரக்கணக்கான பேருக்கு எத்தனை காலம் கொடுப்பீர்கள்?

இனிப் பழக்கம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தமான் நிக்கோபாரின் காடுகளில் வெறுங்காலோடு நடந்தவர்கள் யார்? சங்கிலி பூட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1918-லிருந்து மரம் வெட்ட சோட்டாநாக்பூரிலிருந்து அழைத்து வரப்பட்டு, இன்றும் 'ராஞ்சி' என்ற பொதுப்பெயரில் அறியப்படுகிற பழங்குடியினர். நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள். இவர்களில் யாரிடம் எந்தக் காலத்தில் யார் இரண்டு ஜோடியை நீட்டி, எது வேண்டும் என்று கேட்டார்கள்? தாய்நிலத்துக் கதையோ இதைவிடக் கேவலம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு சாதியார் இன்னொரு சாதியாரின் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது சட்டம் போல நடந்தது; சில இடங்களில் அதன் மிச்சம் இன்னும் செத்துப்போகவில்லை. போடக்கூடாது என்று தடுத்துவிட்டு, தலைமுறை கழிந்தபின் அவர்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஐரோப்பிய விவசாயி மட்டும் பூட்ஸோடு பிறந்தானா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் குடியானவர்கள் மரக்கட்டைச் செருப்பில்தான் சேற்றில் நடந்தார்கள். சார்லஸ் குட்இயரின் ரப்பர் பதப்படுத்தும் முறைக்கு உரிமம் வாங்கி, ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853-ல் அங்கே ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை வைத்தார். கால் நனையாமல் வீடு திரும்பலாம் என்று கண்டதும் அவர்கள் மாறிக்கொண்டார்கள். நம் ஊரிலும் அத்தாட்சி உண்டு. வயலில் வெறுங்காலோடு நின்ற அதே வீட்டுப் பையன் போலீஸிலோ பட்டாளத்திலோ சேர்ந்தால் ஒரு வாரத்தில் பூட்ஸுக்குப் பழகிவிடுகிறான். அவன் தகப்பனுடைய கால் எலும்பும் அதே எலும்புதானே?

ஆகவே கேள்வி ஸ்டோருக்கே திரும்புகிறது. ஏன் போடவில்லை?

அந்தக் குவியலிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துப் பாருங்கள். கறுப்பு பி.வி.சி. முழங்கால் உயரம். அளவு பெரும்பாலும் 8, 9. வாய்க்கால் தூர்வாருகிற, சாலையோரப் புதர் வெட்டுகிற டி.ஆர்.எம். எனப்படும் தினக்கூலி மஸ்தூர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களின் கால் 4, 5. விரல் பக்கம் துணியைத் திணித்துக்கொண்டு நடக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கும். அரைநாளில் தோல் உரியும். எந்தக் கீறல் வழியாகக் கிருமி நுழையும் என்று பயந்தோமோ, அந்தக் கீறலை பூட்ஸே போட்டுக் கொடுக்கிறது. அடுத்து உயரம். நம் ஆட்கள் குத்தவைத்து வேலை செய்கிறவர்கள். களை எடுப்பது, கல் பொறுக்குவது, சாப்பிடுவது எல்லாமே குத்தவைத்துத்தான். நெட்டை ஆளுக்காக, நின்று வேலை செய்கிறவனுக்காக வார்த்த பூட்ஸின் விளிம்பு, இவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மடிப்பில் அறுக்கும். மூன்றாவது சாக்ஸ். பூட்ஸ் வாங்கும் கோப்பில் பெரும்பாலும் சாக்ஸ் என்ற பேச்சே இருக்காது. வெறுங்காலை பி.வி.சி.க்குள் விட்டால் கெண்டைக்காலைச் சுற்றி வளையமாகச் சிவந்து தடித்துவிடும். நான்காவது, கொடுப்பது ஒரே ஜோடி. வெயிலே காணாத ஆகஸ்டில், இன்று உள்ளே நனைந்த பூட்ஸ் நாளைக் காலைக்குள் எப்படிக் காயும்? மறுநாள் அந்த நாற்றத்துக்குள் காலை விடும் தைரியம் கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்கு உண்டா?

இப்படி ஒன்றைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குகிறவர்களை நான் அறிவாளி என்பேன். அவர்கள் பூட்ஸை மறுக்கவில்லை. இந்த பூட்ஸை மறுக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் உண்மையான கனம் உள்ளது ஒன்று உண்டு; அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. நாற்று நடும் சேற்றில் கம்பூட்ஸ் நிற்காது. காலைத் தூக்கினால் பூட்ஸ் சேற்றிலேயே தங்கிவிடும். திக்லிபூர் வயலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சரியாகவும் சொல்வார்கள். ஆனால் இதே சேற்றில்தான் ஜப்பானிய விவசாயியும் நடுகிறான். அங்கே நாற்று நடுவதற்கென்றே தனி பூட்ஸ் செய்கிறார்கள்: மெல்லிய, வளைகிற ரப்பர், காலோடு ஒட்டிப் பிடிக்கும், கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் வார் வைத்து இறுக்கிக்கொள்ளலாம், கனமான அடிப்பாகம் கிடையாது. சேறு அதை உருவிக்கொள்ளாது. தற்செயலாக, எலிக்காய்ச்சலுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று முதலில் நிறுவியவர்களும் ஜப்பானியர்களே. 1915 வாக்கில் இனாடாவும் இடோவும் கண்டறிந்தார்கள். பூட்ஸில் சேற்றில் நடக்க முடியாது என்ற முடிவுக்கு வருமுன், எந்த பூட்ஸில் என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

வியர்வை பற்றிய புகாரும் நியாயமானதே. நீர்புகாத பூட்ஸ் என்றால் கால் உலர்ந்திருக்கும் என்று நினைப்பது விற்கிறவன் கிளப்பிய கதை. வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர், உள்ளிருந்து வரும் வியர்வையையும் வெளியே விடாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்கு எடின்பரோவின் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி ஏறத்தாழ 12 லட்சம் ஜோடி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. அப்படியும் பதுங்குகுழிகளில் கால் அழுகியது. பூட்ஸோடு சாக்ஸ் மாற்றுவதையும் காலைத் துடைத்துப் பரிசோதிப்பதையும் கட்டளையாக்கிய பிறகே நிலைமை திருந்தியது. வியட்நாமின் நெல்வயல்களில் அமெரிக்கர்கள் எதிர்ப்பக்கமாக யோசித்தார்கள்: மேல்பகுதி துணி, பக்கவாட்டில் துளை, தண்ணீர் வரட்டும், உடனே வடிந்து போகட்டும் என்று ஒரு காட்டு பூட்ஸ். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டிய வேலைக்கு இதுதான் புத்திசாலித்தனம். அங்கே கம்பூட்ஸில் தண்ணீர் நிரம்பிக் காலில் குடம் கட்டியது போலாகிவிடும். ஆனால் இது கிருமியைத் தடுக்காது. புண் உள்ளவர்களை அந்த வேலைக்கு இறக்காமல் இருப்பதுதான் வழி.

அதாவது ஒரே டெண்டரில் ஒரே மாடலை வாங்கி எல்லாருக்கும் மாட்டிவிடும் காரியம் இது இல்லை. புதர் வெட்டுகிறவனுக்குப் பிரம்பு முள்ளும் வெட்டிய மூங்கில் குத்தியும் எதிரிகள்; அடிப்பாகத்தில் துளைக்காத தகடு இருக்க வேண்டும். பாம்பும் பூரானும் இங்கே சிரித்துப் போகிற விஷயமில்லை. அந்தமான் நாகமும் குழிவிரியனும் உண்டு, கடித்தால் ஆளைக் கதறவிடும் பெரிய பூரானும் உண்டு. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்பது 2020-ல் வெளிவந்த கணக்கு. பெரும்பகுதி கிராமங்களில்; மழைக்காலத்தில்தான் அதிகம். கணுக்காலை மூடும் ரப்பர் இருந்தாலே ஆபத்து குறையும். (தூங்குகிறவனைக் கடிக்கும் கட்டுவிரியனுக்கு பூட்ஸ் மருந்தாகாது, அதற்குக் கட்டிலும் கொசுவலையும்.) அட்டைக்காகப் புகையிலைத் தண்ணீரும் உப்பும் தடவிக்கொள்கிற காலும் இதனால் கொஞ்சம் தப்பிக்கும்.

பஞ்சு உள்பூச்சு வைத்த குளிர்நாட்டு பூட்ஸை இங்கே யாரும் இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை நனைந்தால் டிசம்பர் வரை காயாது. உள்ளே வழவழப்பாக, துடைத்தால் உலரும்படி, கழற்றி எடுக்கக்கூடிய உள்ளடியோடு இருப்பதே இந்தத் தீவுக்கு. டீசல், எண்ணெய் சிந்துகிற இடத்தில் சாதாரண ரப்பர் சீக்கிரம் ஊறி வெடிக்கும். நைட்ரில் கலந்தது தாங்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கதகதப்பான பூட்ஸ் அந்தமானிலும் தேவைப்படுகிறது. அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஜங்கிலிகாட் போன்ற மீன் இறங்குதுறைகளில் ஐஸ் பாரை உடைத்துக் கொட்டி, பெட்டிக்கு ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு ஐஸ் என்று நிரப்புகிறவர்களைப் பாருங்கள். மேலே வியர்வை ஒழுகும். கீழே உருகும் ஐஸ் தண்ணீரும் மீன் வழுக்கலும் கலந்த தரையில் ரப்பர் செருப்போடு மணிக்கணக்கில் நிற்பார்கள். விரல்கள் மரத்துப்போகும். மரத்த காலில் துடுப்பு முள் ஏறினால் ஏறியதே தெரியாது. குளிர்பதனக் கிடங்குகளுக்காகவே பாலியூரித்தேன் பூட்ஸ் செய்கிறார்கள். அதன் சுவருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் இருப்பதால் பி.வி.சி.யை விடக் கனம் குறைவு, குளிர் ஏறாது, கெட்டிப்பட்டு வெடிக்காது. அடிப்பாகம் குளிரைத் தடுப்பதற்கு 'சி.ஐ.' என்ற குறி பொறித்திருப்பார்கள். 'இது என்ன காஷ்மீரா' என்று சிரித்தவர் அந்தத் தரையில் வெறுங்காலோடு அரைமணி நேரம் நிற்கட்டும்.

விலை என்பார்கள். குறைந்த விலை கேட்டவனுக்கே ஆர்டர் என்ற 'எல் ஒன்' விதிக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் போடாத பூட்ஸுக்குக் கொடுத்த விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் முழு நஷ்டம். எலிக்காய்ச்சலில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிற நாட்களின் செலவு எந்த பூட்ஸ் கணக்கிலும் ஏறுவதில்லை. அவர் இழந்த தினக்கூலியோ எந்தக் கணக்கிலுமே ஏறுவதில்லை. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. அப்படியிருக்க, 'வேண்டுமென்றால் அவனே வாங்கிக்கொள்ளட்டும்' என்று ஒப்பந்தக்காரர் கைகழுவுவதை என்னவென்பது?

பூட்ஸோடு எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், தேங்கிய தண்ணீரை வடிப்பதைவிட மலிவு என்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கம்பூட்ஸ் கொடுத்தார்கள் முதலாளிகள். அந்த பூட்ஸைத் தட்டித்தான் அவர்கள் தங்களுக்கென்று ஒரு நடனத்தையே உருவாக்கிக்கொண்டார்கள். வாய்க்காலைத் தூர்வாராமல், குப்பையை அள்ளாமல், எலியை ஒழிக்காமல் ஆளுக்கொரு ஜோடி ரப்பரை நீட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளும் நிர்வாகத்துக்கு இந்தக் கட்டுரை வக்காலத்து வாங்கவில்லை. தண்ணீரை வடிப்பது முதல் வேலை. வடிக்கிற ஆளின் காலைக் காப்பது அதற்கும் முந்திய வேலை.

அடுத்த மே மாதத்துக்கு முன் பூட்ஸ் வாங்கப் போகிற அதிகாரிகளும் தோட்ட நிர்வாகிகளும் ஒப்பந்தக்காரர்களும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒவ்வொருவர் காலையும் அளந்து பட்டியல் எடுங்கள். பெண்களின் அளவைத் தனியாக எழுதுங்கள். மாதிரி ஜோடிகளைக் கமிட்டி மேஜையில் வைத்துத் தட்டிப் பார்க்காதீர்கள். வாய்க்காலில் இறங்குகிற ஒரு பெண்ணிடமும் புதர் வெட்டுகிற ஒருவரிடமும் கொடுத்து ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லுங்கள். குத்தவைத்து உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த மாடலை நிராகரியுங்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி, நான்கு ஜோடி சாக்ஸ், வேலையிடத்தில் கவிழ்த்து உலர்த்த ஒரு கொட்டகை என்று டெண்டரிலேயே எழுதுங்கள். இத்தனையும் செய்த பிறகும் ஸ்டோரில் பூட்ஸ் குவிந்து கிடந்தால், அப்போது சொல்லுங்கள், கொடுத்தாலும் போட மாட்டார்கள் என்று. அதுவரை அந்த வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.